நான்கு மருந்தும் முதல் ஆறு வாரமும்: படுவான்கரை விவசாயி ஒருவரின் இதயச் செயலிழப்பு

மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள வைத்தியசாலை ஒன்றின் மருத்துவப் பிரிவில் நாங்கள் பார்த்த நோயாளி ஒருவரின் கதை இது. அவரும் குடும்பமும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுபோவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் தள்ள முடியாது. அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்கும். பத்து வருடத்துக்கு முன் இதற்கு நாங்கள் கொடுத்த சிகிச்சைக்கும் இப்போது கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. புதிய மருந்துகள் வந்தது அதில் ஒரு பாதி. மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குவது, தொடங்கிய பிறகு ஆளை எத்தனை நாளைக்குள் திரும்பப் பார்ப்பது என்பது மறுபாதி. எங்கள் பக்கத்தில் சிரமம் இந்த இரண்டாவது பாதியில்தான்.

பின்னணி

அறுபது வயதை நெருங்கும் விவசாயி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வீடு. மாரிப் போகத்தில் வயல், மற்றக் காலத்தில் மாடு. நீண்ட காலமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு) உண்டு. மாதக் கிளினிக்கில் மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் எடுத்து வந்தார். முன்பு பீடி குடித்தவர், பிறகு விட்டுவிட்டார்.

வைத்தியசாலைக்கு வருவதற்கு முந்திய சில மாதங்களில் அவருடைய கிளினிக் கொப்பியில் இன்னொரு வருத்தமும் ஏறியிருந்தது: முட்டு, அதாவது ஆஸ்துமா. இரவில் மூச்சு வாங்கும். மகள் ஓட்டோ பிடித்து அருகில் உள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார். நெபுலைசர் பிடிப்பார்கள், கொஞ்சம் இலேசாகும், விடியக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் கடமையில் இருந்தது வேறு வேறு ஆட்கள். பீடி குடித்த மனிதர், நெஞ்சில் இரைச்சல், நெபுலைசருக்குப் பிறகு சற்றுச் சுகம். தனித்தனியாகப் பார்த்தால் எந்த இரவின் முடிவும் பிழையென்று சொல்ல முடியாது. நுரையீரலில் நீர் தேங்கினாலும் அதே இரைச்சல்தான் கேட்கும். நிமிர்த்தி உட்கார வைத்து ஒக்சிசன் கொடுத்தால் அதுவும் சற்று இலேசாகத்தான் செய்யும். ஆனால் ஆறேழு இரவுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர் யாரும் இல்லை.

மருந்துப் பட்டியலில் இல்லாத ஒரு குளிசையும் இருந்தது. வயல் வேலையால் வந்த முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனக். சந்தியில் உள்ள மருந்துக் கடையில் வாங்கி, நோவு கூடும்போதெல்லாம் போட்டிருக்கிறார். இந்த வகை நோவு மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தையும் நெருக்கும். பலவீனமான இதயம் மோசமாக இது போதும்.

அனுமதியன்று கண்டது

மாரி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் வந்தார். படுக்க வைக்க முடியவில்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, இரத்த அழுத்தம் 136/88, ஒக்சிசன் செறிவு 88 சதவீதம். கழுத்து நாளம் புடைத்திருந்தது. முழங்கால் வரை வீக்கம், விரலால் அமத்தினால் குழி விழுந்தது.

நோயறிதலுக்கு எங்களுக்கு அதிகம் உதவியது மனைவி சொன்னது. "ராவையில நீட்டி நிமிர்ந்து படுத்து மூணு மாசமாச்சு டொக்டர். தலகாணிய அடுக்கி வச்சிக்கிட்டு குந்திக்கொண்டுதான் இரிக்கார்." வேறு முட்டுக்காரர்களும் இரவில் எழும்புவார்கள்தான். ஆனால் படுத்தால் மூச்சுத் திணறுகிறது, எழும்பி உட்கார்ந்தால் சரியாகிறது, காலும் வீங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை.

ஈசிஜியில் முன்சுவரில் பழைய மாரடைப்பின் அடையாளம் இருந்தது. மாரடைப்பு வந்தது அவருக்கே தெரியாது. சீனி வருத்தம் நெடுநாள் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வந்துபோவது உண்டு. நெஞ்சுப் படத்தில் இதயம் பெருத்திருந்தது, இரண்டு பக்க அடியிலும் நீர். இதயத்தின் ஸ்கானான எக்கோவில் ஈஎப் 28 சதவீதம். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கைத்தான் ஈஎப் என்கிறோம். 40 அல்லது அதற்குக் கீழே போனால் குறைந்த ஈஎப் உள்ள இதயச் செயலிழப்பு.

இதயச் செயலிழப்பைக் கண்டறிய உதவும் பிஎன்பி வகை இரத்தப் பரிசோதனையை வெளியில் செய்விக்கலாமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றோம். சந்தேகம் உள்ள இடத்தில் அது நல்ல பரிசோதனை. இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை, அந்தக் காசு பிறகு மருந்துக்குத் தேவைப்படும் என்றும் தெரிந்தது.

முதல் வாரம்: நீரை இறக்குதல்

நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைட் 40 மில்லிகிராம் ஊசியாகக் கொடுத்து, சிறுநீரை மணிக்கு மணி அளந்தோம். முதல் ஆறு மணித்தியாலத்தில் மணிக்கு 100 மில்லிலீற்றர்கூடப் போகவில்லை. காலை வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இரவே 80 ஆக்கினோம். இதுவும் இப்போது மாறியிருக்கும் ஒரு பழக்கம்தான். முன்பு ஒரே அளவை நாளுக்கு இரண்டு தடவை என்று எழுதிவிட்டு, அடுத்த நாள் சுற்றில் பார்ப்போம். இப்போது முதல் சில மணி நேரத்திலேயே சிறுநீர் போதவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்குகிறோம். ஐந்து நாளில் ஆறு கிலோவுக்கு மேல் இறங்கியது. அவர் படுத்து நித்திரை கொண்டார்.

நீர் இறங்கிய பிறகு நுரையீரலில் இரைச்சல் இல்லை, ஊதும் வேகத்தை அளந்தபோதும் குறைவு இல்லை. கொப்பியில் இருந்த முட்டு என்ற நோயறிதலைச் சிவப்பில் வெட்டி, காரணத்தையும் கீழே எழுதி ஒப்பமிட்டோம். சின்ன வேலைதான். ஆனால் அந்த வரி அங்கேயே இருந்தால், முட்டு கூடிவிடும் என்று அடுத்து வரும் எந்த வைத்தியரும் இதயத்துக்குத் தேவையான பீற்றா தடுப்பி மருந்தைக் கொடுக்கப் பயப்படுவார், கொடுத்ததையும் நிறுத்தக்கூடும்.

எந்த மருந்து, ஏன்

குறைந்த ஈஎப் உள்ள இதயச் செயலிழப்பில் ஆயுளைக் கூட்டுவதாக நிறுவப்பட்ட மருந்து வகைகள் நான்கு. ஒன்று எனாலப்ரில் போன்றவை, அல்லது அவற்றுக்குப் பதிலாக சக்குபிட்ரில்-வல்சார்டன். இரண்டாவது பிசோப்ரோலோல், கார்வெடிலோல் போன்ற பீற்றா தடுப்பிகள். மூன்றாவது ஸ்பைரோனோலக்டோன். நான்காவதாக, சீனி வருத்தத்துக்கென்று வந்து இதய மருந்தாக மாறிய டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். முதல் மூன்றும் 1987 இலிருந்து 1999 வரை வந்த ஆய்வுகளில் நிலைபெற்றவை. நான்காவது 2019 இல் டாபா-எச்எப் ஆய்வோடு வந்தது. இதயச் செயலிழப்பு மோசமாவதும் இதயத்தால் வரும் மரணமும் சேர்ந்து 26 சதவீதம் குறைந்தன. அதில் பங்குபற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சீனி வருத்தமே இல்லை.

முன்பு ஒன்றைத் தொடங்கி, உச்ச அளவுக்கு ஏற்றி, பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவோம். நான்கும் சேர ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் பலர் திரும்ப வார்டுக்கு வந்துவிடுவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். இப்போதைய வழி, நான்கையும் சிறிய அளவில் வைத்தியசாலையிலேயே தொடங்கிவிடுவது. 2022 இல் வெளிவந்த ஸ்ட்ரோங்-எச்எப் ஆய்வில் 1078 பேர். வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்தில் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்த பிரிவில், 180 நாளில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்போடு திரும்ப அனுமதிக்கப்பட்டவர்களும் சேர்ந்து 15.2 சதவீதம், வழமைப்படி பார்த்த பிரிவில் 23.3 சதவீதம். அடுத்த வருடமே ஐரோப்பிய இதயவியல் சங்கம் இதைத் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது.

சரி, எங்களிடம் என்ன இருந்தது? எனாலப்ரில், பிசோப்ரோலோல், ஸ்பைரோனோலக்டோன் மூன்றும் மருந்தகத்தில் இருந்தன. சக்குபிட்ரில்-வல்சார்டனும் எம்பாகிளிஃப்ளோசினும் அப்போது இல்லை, துண்டு எழுதி வெளியில்தான் வாங்க வேண்டும். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகன் காசு அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் இரண்டையும் மாதா மாதம் வாங்க முடியாது என்பதை மகள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று. வாங்க முடியும் என்று தலையாட்டிவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்துபவர்களே அதிகம்.

எதற்குச் செலவழிப்பது? சக்குபிட்ரில்-வல்சார்டன் எனாலப்ரிலை விட மேலானது என்பது 2014 இல் பரடைம்-எச்எப் ஆய்வில் தெரிந்தது, 20 சதவீத அளவுக்கு. ஆனாலும் அதன் இடத்தில் வைக்க எனாலப்ரில் இருக்கிறது. எம்பாகிளிஃப்ளோசினின் இடத்தில் வைக்க எங்களிடம் எதுவும் இல்லை. அது நாளுக்கு ஒரு குளிசை, அளவு ஏற்றும் வேலை கிடையாது, இரத்த அழுத்தத்தை அதிகம் இறக்காது, அவருடைய சீனிக்கும் உதவும். எனவே காசு எம்பாகிளிஃப்ளோசினுக்குப் போனது. சீனி அளவுக்கு மீறி இறங்காமல் இருக்க கிளிக்லசைடைப் பாதியாக்கினோம்.

இரண்டாம் நாள் எனாலப்ரில் 2.5 மில்லிகிராம் இரண்டு நேரமும், ஸ்பைரோனோலக்டோன் 25 ஒரு நேரமும். மூன்றாம் நாள் எம்பாகிளிஃப்ளோசின் 10. பிசோப்ரோலோல் 1.25 ஐ நீர் இறங்கும் வரை வைத்திருந்து ஐந்தாம் நாள் தொடங்கினோம். நுரையீரல் நிறைய நீரோடு இருக்கும்போது பீற்றா தடுப்பியைப் புதிதாகத் தொடங்கினால் நிலைமை மோசமாகலாம். அஸ்பிரினும் அடோர்வாஸ்டாடினும் சேர்ந்தன. டைக்ளோஃபெனக் நின்றது, நோவுக்குப் பரசிட்டமோல் மட்டும். சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியட்டினின் 112 இலிருந்து 138 மைக்ரோமோலுக்கு ஏறியது. இந்த மருந்துகளைத் தொடங்கும்போது இவ்வளவு ஏறுவது எதிர்பார்த்ததுதான், அதற்காக எதையும் நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு

எங்கள் மருத்துவக் கிளினிக் மாதம் ஒரு முறை. வீட்டுக்குப் போகிறவருக்கு வழமையாக எழுதுவதும் ஒரு மாதம் கழித்த திகதிதான். இவருக்கு அது சரிவராது. ஆனால் வாவிக்கு அப்பாலிருந்து வாராவாரம் வா என்பதும் நடக்கிற காரியம் இல்லை. காற்றுப் பலமாக இருந்தால் மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலான படகுப்பாதை ஓடாது. வெள்ளம் ஏறினால் தரைவழியும் சுற்றுத்தான்.

கடைசியில் இப்படித் தீர்மானித்தோம். ஆறு வாரத்தில் மூன்று தடவை நேரில் வருவது. கிளினிக் நாள் அல்லாத நாட்களில் வார்டுக்கே வந்து, இரத்தம் கொடுத்து, ரிப்போட் பார்த்துவிட்டு அன்றே போவது. இடையில் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் மகளுக்குத் தொலைபேசியில் பேசுவது. மகள் வீட்டுக்கு ஒரு எடைத் தராசு வாங்கினார். காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிட முன், எடையைக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பே இல்லாத சோறு கறி என்று சொல்லி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மனிதர் சாப்பாட்டையே வெறுத்து மெலிந்துபோவார். 2022 இல் வந்த சோடியம்-எச்எப் ஆய்வில் உப்பைக் கடுமையாகக் குறைத்ததால் மரணமோ அனுமதியோ குறையவில்லை. கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், கறிக்கு வழமையில் பாதி உப்பு போடலாம் என்று மனைவியிடம் சொன்னோம். அது அவருக்குச் செய்யக்கூடியதாக இருந்தது.

பத்தாம் நாள் வந்தபோது அழுத்தம் 96/60. இடையில் வெளியில் காட்டிய இடத்தில் 'பிரசர் குறைவு, எனாலப்ரிலை நிறுத்துங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளையாக மகள் நிறுத்த முன் தொலைபேசியில் கேட்டார். தலைச்சுற்று உண்டா? இல்லை. எழும்பி நின்றால் இருட்டுகிறதா? இல்லை. வீக்கமும் இல்லை. அப்படியானால் இறக்க வேண்டியது எனாலப்ரிலை அல்ல, ஃப்ரூசமைடை. தேங்கிய நீர் போன பிறகும் அதே அளவு ஃப்ரூசமைட் ஓடினால் அழுத்தம் விழத்தான் செய்யும். நாளுக்கு இரண்டு 40 இருந்ததை ஒன்றாக்கினோம். பிசோப்ரோலோலை 2.5 க்கு ஏற்றினோம்.

பொட்டாசியம் 5.8

மூன்றாவது வாரம் இரத்தத்தில் பொட்டாசியம் 5.8 மில்லிமோல், இருக்க வேண்டியதை விடக் கூட. எனாலப்ரிலும் ஸ்பைரோனோலக்டோனும் சேர்ந்தால் இது எப்போதும் எதிர்பார்க்க வேண்டிய ஆபத்து. 1999 இல் ஸ்பைரோனோலக்டோன் மரணத்தை 30 சதவீதம் குறைப்பதாக ரேல்ஸ் ஆய்வு சொன்ன பிறகு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த மருந்தின் பாவனை ஒரேயடியாக ஏறியது. கூடவே பொட்டாசியம் கூடி வைத்தியசாலைக்கு வந்தவர்களும் பல மடங்கானார்கள். மருந்து கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இரத்தம் பார்க்காமல் கொடுத்ததுதான் கெட்டது.

ஈசிஜி எடுத்தோம், மாற்றம் இல்லை. எடுத்த மாதிரியில் இரத்த அணுக்கள் உடைந்து அளவைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று உடனே திரும்ப எடுத்தோம், 5.7. பிறகு சாப்பாட்டைப் பற்றி விசாரித்தோம். சுகமில்லாதவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர் வெறுங்கையோடு வருவதில்லை, எல்லோர் கையிலும் இளநீர்க் குலை. உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று நாளுக்கு இரண்டு மூன்று குடித்திருக்கிறார். பெரிய காயொன்றின் தண்ணீரில் அரைக் கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். தோடம்பழமும் வாழைப்பழமும் அதற்கு மேல்.

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஸ்பைரோனோலக்டோனை முழுதாக நிறுத்திவிடுவது இலகு, எங்களுக்கும் இரவு நித்திரை வரும். ஆனால் ஒருமுறை நின்ற மருந்தைத் திரும்பத் தொடங்குபவர் அபூர்வம். பொதுவான வழிகாட்டல் 5.5 ஐத் தாண்டினால் பாதியாக்கு, 6.0 ஐத் தாண்டினால் நிறுத்து என்பது. நாங்கள் 12.5 ஆக்கினோம், இளநீரை முற்றாக நிறுத்தினோம், எனாலப்ரிலை அந்த வாரம் ஏற்றவில்லை. நான்கு நாளில் திரும்ப இரத்தம் எடுக்க அவர் வந்தே ஆக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வர முடியாவிட்டால் மருந்தை நிறுத்தியிருப்போம். வந்தார், 5.1. ஆறாம் வாரத்தில் 4.8. அதன் பிறகு எனாலப்ரில் படிப்படியாக 10 மில்லிகிராம் இரண்டு நேரத்துக்கும், பிசோப்ரோலோல் 5 க்கும் போயின.

ஸ்டென்ட் பற்றிய பேச்சு

அஞ்சியோகிராமுக்காகப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். முன்பக்கத்து இரத்தக் குழாய் நெடுநாளாக முழுதாக அடைபட்டிருந்தது. மற்ற இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் சொன்னது ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடும் என்று. நகையை அடகு வைத்துத் தனியாரிடம் செய்விக்கலாமா என்று மனைவி கேட்டார்.

இதயவியல் நிபுணரோடு பேசி, வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தோம். ஈஎப் 35 அல்லது அதற்குக் கீழ் உள்ள 700 பேரில் செய்த ரிவைவ்டு ஆய்வு 2022 இல் வந்தது. நல்ல மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மரணத்திலோ இதயச் செயலிழப்பால் வரும் அனுமதியிலோ வித்தியாசம் இல்லை. இவருக்கு நெஞ்சு நோவும் இல்லை. மூன்று குழாயும் அடைபட்டிருந்தால் பைபாஸ் பற்றி வேறு விதமாகப் பேசியிருப்போம். நகை வீட்டிலேயே இருந்தது. அந்தக் காசின் ஒரு பங்கு எம்பாகிளிஃப்ளோசினுக்கு உதவும் என்று நான் சொன்னபோது மனைவி என்னை நம்பவில்லை. அதில் பிழை சொல்ல முடியாது. குழாய் அடைபட்டிருக்கிறது, ஆனால் திறக்க வேண்டாம் என்பது யார் காதுக்கும் விசித்திரமாகத்தான் படும். மகனோடும் காணொளி அழைப்பில் பேசிய பிறகே குடும்பம் ஒத்துக்கொண்டது.

நெஞ்சில் பதிக்கும் உயிர் காக்கும் அதிர்ச்சிக் கருவி பற்றியும் கேட்டார்கள். குறைந்தது மூன்று மாதம் முழு மருந்தில் இருந்த பிறகு எக்கோ பார்த்துத்தான் அதைத் தீர்மானிப்பது என்று தள்ளி வைத்தோம்.

ஆறு மாதத்தில்

நான்காம் மாத எக்கோவில் ஈஎப் 41 சதவீதம். கருவிக்குத் தேவை இல்லாமல் போனது. சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் விருந்துச் சாப்பாட்டால் எடை மூன்று கிலோ ஏறியது. மகள் அழைத்தார், ஃப்ரூசமைடை மூன்று நாள் இரட்டிப்பாக்கச் சொன்னோம், இறங்கியது. வைத்தியசாலையில் படுக்கவில்லை. ஆறாம் மாதம் வரை இதயத்துக்காக அவர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. வயலுக்கு நடந்து போகிறார், வரம்பு கட்டும் வேலையை விட்டுவிட்டார். மார்பு சற்று வீங்கி நோகிறது என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்பைரோனோலக்டோனின் பக்கவிளைவு அது. அளவு குறைவாக இருப்பதால் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் மருந்தின் வெற்றி என்று எழுதிவிட முடியாது. டைக்ளோஃபெனக் நின்றதும் ஒரு பங்கு. படித்த, தொலைபேசி எடுக்கத் தயங்காத ஒரு மகள் இருந்தது பெரிய பங்கு. அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் இதே மருந்துச் சீட்டு என்ன செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இதன் பிறகு மாற்றியவை

மூச்சு வாங்கி இரண்டாவது தடவை இரவில் நெபுலைசருக்கு வரும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு, வீட்டுக்கு அனுப்ப முன் ஒரு ஈசிஜியும், படுக்க முடிகிறதா என்ற கேள்வியும் கட்டாயம் என்று எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பேசி முடிவெடுத்தோம். கடமை மாறும்போது இது இன்னும் தவறிப்போகிறது.

இதயச் செயலிழப்போடு வீட்டுக்குப் போகிறவருக்கு முதல் திகதி இப்போது பத்து நாளுக்குள் எழுதப்படுகிறது. ஸ்பைரோனோலக்டோன் எழுதும்போதே அடுத்த பொட்டாசியம் பரிசோதனையின் திகதியும் கொப்பியில் ஏற வேண்டும். இளநீர் பற்றி வார்டில் வைத்தே, பார்க்க வரும் உறவினருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். இரத்த மாதிரியை அவரவர் ஊர் வைத்தியசாலையில் எடுத்து இங்கே அனுப்பும் ஒழுங்கு மட்டும் இன்னும் கைகூடவில்லை. அது வந்தால் அரைவாசிப் பயணம் குறையும்.

ஐப்பசியில் அவர் கேட்டது கந்தசஷ்டி பற்றி. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுமே எடுத்து விரதம் இருப்பது அவருடைய வழக்கம். எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர் நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால், சீனி அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. பழம் மட்டும் என்றால் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். ஐந்து நாளும் பகலில் ஒரு நேரம் சோறு, ஆறாம் நாள் மட்டும் விரதம் என்று பேசி முடித்தோம். அதற்கு மூன்று நாள் முன்பே எம்பாகிளிஃப்ளோசினை நிறுத்தி, பாறணைக்குப் பிறகு வழமையான சாப்பாடு தொடங்கியதும் திரும்ப எடுக்கச் சொன்னோம். விரத நாளில் கிளிக்லசைடும் காலை ஃப்ரூசமைடும் இல்லை, மற்ற இதய மருந்துகள் வழமைபோல். அடுத்த கிளினிக்கில் பொட்டாசியம் 4.9, எடையில் மாற்றம் இல்லை.